தோட்டம் போட்டால் பிள்ளை காய் சாப்பிடுமா?

முல்லைக்கொடி:
சின்ன வகுப்புகளில் உணவுப் பாடம் என்றால் ஒரு வட்டம் வரைந்து, மாவுச்சத்து, புரதம், கொழுப்பு என்று பிரித்து வண்ணம் தீட்டச் சொல்கிறார்கள். அதில் முழு மதிப்பெண் வாங்கும் பிள்ளையிடம் கேரட் செடியில் தொங்குமா, மண்ணுக்குள் விளையுமா என்று கேட்டால் முழிக்கிறது. சத்துக் கணக்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் விதையைக் கையில் கொடுங்கள். சிறு முள்ளங்கி வகைகளை 25, 30 நாளில் பிடுங்கிவிடலாம். குழந்தையின் பொறுமை அதுவரை தாங்கும். தானே தண்ணீர் ஊற்றி வளர்த்ததை ஒரு கடியாவது கடித்துப் பார்க்கும்.

கதிரவன்73:
முல்லை அக்கா, ஒரு கடி கடிக்கும், சரி. மறுநாள் வீட்டு ஃபிரிட்ஜைத் திறந்தால் என்ன இருக்கிறது? 330 மில்லி கோலாவில் ஏறக்குறைய 35 கிராம் சர்க்கரை. சேர்க்கும் சர்க்கரை, தேன், பழச்சாற்றில் இருப்பது எல்லாம் சேர்ந்து ஒரு நாள் ஆற்றலில் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, 5-க்குக் கீழே இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-லேயே சொல்லிவிட்டது. அந்த 5 சதவீதம் பெரியவர்களுக்கே சுமார் 25 கிராம்தான். ஒரே கேனில் தீர்ந்துபோனது. அதை வாங்கி வைத்தது பிள்ளையா? பாடம் நடத்த வேண்டியது பெற்றோருக்கு.

முல்லைக்கொடி:
வாங்குவது பெற்றோர்தான் தம்பி. கடையில் அடம்பிடிப்பது யார்? இன்னும் சில வருடத்தில் கையில் காசோடு தனியாகக் கடைக்குப் போவது யார்?

செவிலி தாமரை:
இருவருமே விட்டுவிட்ட ஒன்று: 2 முதல் 6 வயது வரை புது உணவைக் கண்டு ஒதுங்குவது இயல்பு. ஒரு காயை ஏற்க 8 முதல் 15 முறை வரை தட்டில் பார்க்க வேண்டியிருக்கலாம். பலர் நாலைந்து முறையிலேயே "இவனுக்குப் பிடிக்காது" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். தோட்டத்தின் பலன் இங்கேதான். தொடுவது, முகர்வது, கழுவுவது, நறுக்க உதவுவது எல்லாமே அந்தக் காயோடு பழக்கம். ஆனால் "இதைத் தின்றால் ஐஸ்கிரீம்" என்று மட்டும் பேரம் பேசாதீர்கள். காய் தண்டனையாகவும் ஐஸ்கிரீம் பரிசாகவும் மனதில் பதிந்துவிடும். என்ன, எப்போது, எங்கே என்பது பெரியவர் பொறுப்பு, சாப்பிடுவதா, எவ்வளவு என்பது குழந்தையின் பொறுப்பு என்று அமெரிக்க உணவியல் வல்லுநர் எலின் சாட்டர் பிரித்துச் சொன்னது எனக்கு இன்றும் சரியாகப் படுகிறது.

கதிரவன்73:
பதினைந்து முறை சமைத்துக் குப்பையில் கொட்ட எல்லா வீட்டிலும் வசதி இருக்கிறதா? கையில் காசு குறைவாக இருக்கும் அம்மா, பிள்ளை கண்டிப்பாகச் சாப்பிடுவதைத்தான் வாங்குவாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

செவிலி தாமரை:
நியாயம்தான். அதனால்தான் பட்டாணி அளவு வைத்தால் போதும் என்கிறேன். பெரியவர் தட்டிலிருந்தே எடுத்து வையுங்கள், தனியாகச் சமைக்க வேண்டாம்.

மண்வாசம்:
"எங்கிருந்து வருகிறது" என்று ஆரம்பித்தால் கேரட்டோடு நிறுத்த முடியாது. கோழிக்கறி? கன்று ஈன்ற பிறகுதான் பசுவுக்குப் பால் சுரக்கும் என்று எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்? கறிக்கு வந்ததும் பேச்சை மாற்றுவீர்கள் என்றால் தோட்டப் பாடமும் அரைகுறைதான்.

கதிரவன்73:
அஞ்சு வயசுப் பிள்ளையிடம் அறுப்பதைப் பற்றிப் பேச வேண்டுமா? பயந்துபோய்த் தட்டையே தள்ளிவிட்டால்?

முல்லைக்கொடி:
கேட்டால் சொல்வோம், கேட்ட அளவுக்கு. "ஆமாம், இது கோழியின் உடம்புதான்" என்பது போதும். சில பிள்ளைகள் தலையாட்டிவிட்டுச் சாப்பிடும், சில பிள்ளைகள் வேண்டாம் என்னும். வேண்டாம் என்றால் புரதத்துக்குப் பருப்பும் பயறும் இருக்கின்றன. பொய் சொல்லி ஊட்டியது பின்னால் தெரிந்தால், அதற்கப்புறம் உணவைப் பற்றி நாம் சொல்லும் எதையும் நம்பாது.

கதிரவன்73:
பொய் வேண்டாம் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. வாரம் ஒரு மணி நேரம் தோட்டத்துக்கு ஒதுக்கட்டும். ஆனால் அதே பள்ளியின் கேன்டீனில் கோலா விற்கக்கூடாது. அதை எழுதிக்கொடுத்தால் நானே வந்து மண் கொத்துகிறேன்.

முல்லைக்கொடி:
அந்த நிபந்தனையில் நானும் கையெழுத்துப் போடுகிறேன். பெற்றோருக்கு மட்டும் பாடம் போதும் என்பதை மட்டும் இப்போதும் ஏற்கவில்லை.