பேத்தை மீனை ஊத வைத்துப் படம் எடுக்கும் கைடுகள்

அலைமகள்:
போன ஞாயிறு கோவளத்திலிருந்து படகில் போய் ஸ்கூபா டைவ் செய்தோம். பாறை இடுக்கில் கிடந்த பேத்தை மீனை கைடு பிடித்து, அது பந்தாக ஊதும்வரை அமுக்கினார். ஆறு பேரிடம் கைமாறியது, ஆளுக்கொரு படம். நான் வேண்டாம் என்று கையை ஆட்டினேன். எனக்கும் வேண்டும் போல என்று நினைத்து என் கையிலேயே கொடுத்துவிட்டார். மேலே வரும்போதும் அதை விடவில்லை. கடைசியில் படகோரமாக வயிறு மேலே தெரிய மிதந்தது. நாங்கள் கிளம்பும்வரை அது கீழே இறங்கவே இல்லை. இன்னும் மனது ஆறவில்லை.

பத்துபாகம்:
நான் ஏழு வருஷமாக கைடு. இங்கே தண்ணீர் கலங்கினால் நீட்டிய கைகூடத் தெரியாது. பணம் கட்டி இறங்கியவர் ‘ஒன்றுமே பார்க்கவில்லை’ என்று எழுதினால் அடுத்த வாரம் என்னைக் கூப்பிட மாட்டார்கள். 2025 ஜனவரியில் நம் கரையில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. ஆமைகளைச் சிக்கவைக்கும் இழுவைமடி வலையைக் கேட்க ஆள் இல்லை, ஒரு மீனைக் கையில் எடுத்தவன்தான் குற்றவாளியா மேடம்?

குப்பத்துக்காரன்:
அண்ணா, வலையில் பேத்தை விழுந்தால் நாங்களும் கரையில் வீசியிருக்கிறோம். அது பிழைப்பில் நடப்பது, பெருமையாகச் சொல்லவில்லை. நீங்கள் கடலைக் காட்டுவதற்குக் காசு வாங்குகிறீர்கள். பயந்துபோன மீனைக் காட்டினால் அது எப்படிக் கடலைக் காட்டியதாகும்?

நீலக்கண்ணாடி:
ரொம்ப மிகைப்படுத்துகிறீர்கள். அந்தமானில் ஆமையின் ஓட்டைத் தொட்டேன். அது பாட்டுக்குப் போய்விட்டது.

அலைமகள்:
போய்விட்டது என்பதால் ஒன்றும் ஆகவில்லை என்று எப்படிச் சொல்வீர்கள்? ஆமை மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டும். மிரண்டு ஓடினால் இருக்கிற காற்று சீக்கிரம் தீரும். மீனின் உடம்பில் இருக்கும் வழுவழுப்புதான் நோய்க்கிருமி ஏறாமல் காக்கும் கவசம், அதை நம் கை வழித்துவிடுகிறது. பேத்தை தண்ணீரை விழுங்கித்தான் ஊதுகிறது. அது உயிருக்குப் பயந்து கடைசியாகச் செய்யும் வேலை. ஊதிய நிலையில் வேகமாக நீந்தவும் முடியாது. தண்ணீருக்கு வெளியே தூக்கினால் காற்றை விழுங்கிவிடும், அதை வெளியேற்ற முடியாமல் செத்தும் போகலாம். நான் பார்த்தது அதைத்தான் என்று நினைக்கிறேன்.

அப்புறம் சட்டம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் கடலாமை, கடல்குதிரை, கடலட்டை, பவளம் எல்லாம் அதிகப் பாதுகாப்பு தரும் முதல் அட்டவணையில் இருக்கின்றன. அந்தச் சட்டப்படி பிடிப்பது, விரட்டுவது, இரை காட்டி இழுப்பது, அதற்கு முயல்வதுகூட ‘வேட்டை’தான். இழுவைமடியை நானும்தான் கேட்கிறேன் சார். அதற்காக இதை விட்டுவிட முடியாது.

பத்துபாகம்:
கடலட்டையும் அதில் வரும் என்று யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. புதிதாக வருபவர் கையில் எத்தனை முறை வைத்திருக்கிறேன்! சரி, பேத்தையையும் இனி தொடவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். நீரோட்டம் இழுக்கும்போது பாறையில் ஒரு விரலை ஊன்றினால் அதுவும் தப்பா? அதை நான் விடமாட்டேன், கஸ்டமர் உயிர் என் பொறுப்பு.

அலைமகள்:
உயிரில்லாத வெறும் பாறையாகப் பார்த்து ஒரு விரல் ஊன்றுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் கண்டதையும் பிடிக்கும் பழக்கமாகிவிடக் கூடாது. கரீபியனில் பொனேர் தீவின் கடல் பூங்காவில் கையுறைக்கே தடை. கையுறை போட்டால் எதையும் பிடிக்கத் துணிச்சல் வந்துவிடும் என்பதுதான் காரணம்.

குப்பத்துக்காரன்:
அண்ணா, கையை ஆட்டினால் கைடுகள் நீங்களே தப்பாகத்தானே புரிந்துகொள்கிறீர்கள். ‘வேண்டாம்’ என்பதற்கு ஒரு சைகை வைத்தால் என்ன?

பத்துபாகம்:
இரண்டு கையையும் மார்பில் கட்டிக் காட்டினால் ‘எனக்காக எதையும் தொடாதே’ என்று அர்த்தம். இந்த ஞாயிறு படகில் ஏறும் முன்னால் இதைத்தான் முதலில் சொல்லப்போகிறேன். நீங்களும் உங்கள் கைடிடம் கரையிலேயே சொல்லிவிடுங்கள் மேடம். நான் சொன்னால் முதலாளி கேட்கமாட்டார், பணம் கட்டுபவர் சொன்னால் கேட்பார்.