தேய்ந்த அச்சு மாதிரி ஒரு தமிழ் எழுத்துரு கிடைக்குமா?

வணக்கம் மக்களே, ஒரு ஃபான்ட் தேடி மூன்று நாளாக மண்டை காய்கிறது. வியாசர்பாடியில் எங்கள் பசங்க நடத்தும் கால்பந்துப் போட்டிக்குப் போஸ்டர் போட வேண்டும். மாதிரிக்கு அப்பாவின் பெட்டியில் கிடந்த பழைய நோட்டீஸ் ஒன்றை வைத்திருக்கிறேன், வண்ணாரப்பேட்டையில் அச்சடித்தது, ரோஸ் தாள், எழுத்தெல்லாம் ஒடுக்கமாக, உயரமாக, ஆனால் நல்ல தடிமனாக நிற்கிறது. ‘ப’வின் அடிக்கோட்டில் மை சரியாகப் பிடிக்காமல் திட்டுத்திட்டாக வெளுத்திருக்கிறது, ஓரத்தில் மட்டும் மை பிதுங்கிக் கரை கட்டியிருக்கிறது. அந்த அழுக்குதான் எனக்கு வேண்டும்.

ஆங்கிலத்தில் இது கொட்டிக் கிடக்கிறது. தமிழில் ‘அனேக் தமிழ்’ என்ற எழுத்துருவைப் போட்டுப் பார்த்தேன். இலவசம், ஒடுக்கமான வடிவமும் உண்டு, ஆனால் ரொம்பச் சுத்தம். மேலே கீறல் டெக்ஸ்சர் வைத்தால் முதலில் காணாமல் போவது புள்ளிதான், ‘கால்பந்து’ ‘காலபநது’ ஆகிவிடுகிறது! ‘ண’வின் சுழியும் அடைத்துக்கொள்கிறது.

யூனிகோடில் இருக்க வேண்டும், யூனிகோடு அல்லாத பாமினி மாதிரிப் பழைய எழுத்துரு வகையறா வேண்டாம். ஒரே எழுத்து இரண்டு முறை வந்தால் கீறல் ஒரே இடத்தில் விழாமல் இருக்க மாற்று வடிவங்களும் இருந்தால் ரொம்ப நல்லது. நியாயமான விலை என்றால் காசு கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன். அப்புறம், புள்ளியை விட்டுவிட்டு மற்றதை மட்டும் தேய்க்க இங்க்ஸ்கேப் வரைகலை மென்பொருளில் சுலபமான வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை பிரின்டுக்குக் கொடுக்கணும்.