கீனோ லாய் நம்பியது யாரை? ‘ஆண்டோர்’ சிறை உடைப்பு பற்றி ஒரு வாக்குவாதம்

ராப்பாடி:
காசியன் ஆண்டோர் கீனோ லாயிடம் நேர்மையாக நடந்துகொள்ளவில்லை. இதுதான் என் கட்சி. ‘ஆண்டோர்’ ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று தெரியும், வரட்டும்.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இனிமேல்தான் பார்க்கப் போகிறவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், முக்கியமான எல்லாம் உடைந்துவிடும். ஸ்டார் வார்ஸ் உலகத்தில் நடக்கும் தொடர், 2022-ல் டிஸ்னி பிளஸ்ஸில் வந்தது. ஆல்தானி என்ற இடத்தில் ஒரு சிறு கூட்டம் பேரரசின் பணம் எட்டுக் கோடி கிரெடிட்டைக் கொள்ளையடிக்கிறது. காசியன் அந்தக் கூட்டத்தில் கூலிக்குச் சேர்ந்தவன். தன் பங்கை வாங்கிக்கொண்டு நியாமோஸ் என்ற கடற்கரை ஊரில் கீஃப் கிர்கோ என்ற பொய்ப் பெயரில் ஒளிந்துகொள்கிறான். அங்கே கடைக்குப் போகும் வழியில், ஒன்றுமே செய்யாத நிலையில் பிடித்துக்கொண்டு போகிறார்கள். முன்பென்றால் ஆறு மாதம், இப்போது ஆறு வருடம். காரணம், ஆல்தானிக் கொள்ளைக்குப் பதிலடியாகப் பேரரசு கொண்டுவந்த புது ஆணை.

அடைக்கப்படுவது நார்கினா 5. சுற்றிலும் தண்ணீர். கைதிகளுக்குச் செருப்பு கிடையாது, ஏனென்றால் தரையே ஆயுதம்: ஒரு பொத்தானை அழுத்தினால் மின்சாரம் பாயும். ஒரு கூடத்துக்கு 49 பேர், ஏழு மேசை, மேசைக்கு ஏழு பேர். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். எதற்கென்றே தெரியாத இரும்புப் பாகங்களைப் பூட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பின்தங்கும் மேசைக்கு ஷாக். இந்தக் கூடத்துக்கு மேலாள் கீனோ லாய். அவனும் கைதிதான். “எனக்கு இன்னும் 249 நாள்தான் பாக்கி” என்று முதல் நாளே காசியனிடம் சொல்லிவிட்டு, கூடத்தை முதல் மூன்று இடத்துக்குள் வைத்திருக்கப் போராடுகிறவன்.

விடுதலை என்பதே பொய் என்று தெரிந்ததும் அந்த கீனோ மாறுகிறான், காசியனோடு சேர்ந்து சிறையை உடைக்கிறான். ஆனால் யாரை நம்பி உடைத்தான்? கீஃப் என்ற ஒரு ஆளை. அப்படி ஒரு ஆள் கிடையாது. காசியன் தன் பெயரைச் சொல்லவில்லை, ஆல்தானியைப் பற்றி வாயே திறக்கவில்லை. இவர்கள் எல்லோருடைய தலையிலும் விழுந்த ஆணைக்குத் தானும் ஒரு காரணம் என்று தெரிந்திருந்தும் மௌனம். பேரரசு ஒரு பொய் சொல்லி கீனோவை வேலை வாங்கியது. காசியன் இன்னொரு பொய்யை மறைத்து அவனை எழுப்பினான். எனக்கு இது சாதாரண விஷயமாகத் தெரியவில்லை.

யாழினி:
ராப்பாடி, நீங்கள் இரண்டையும் ஒரே தட்டில் வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

காசியன் கீனோவிடம் சொன்னவற்றை எடுத்துப் பாருங்கள். நம்மை யாரும் ஒட்டுக்கேட்கவில்லை, கேட்க வேண்டிய அவசியமே அவர்களுக்கு இல்லை என்றான். உண்மை. டிராய்டு என்கிற இயந்திர மனிதர்களைவிட நாம் மலிவு, செத்தால் அடுத்த ஆள் என்றான். அதுவும் உண்மை. கீனோ எதைத் தெரிந்துகொண்டால் பிழைப்பானோ அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பெயர் என்ன பெரிய பெயர்? அந்தக் கூடத்தில் 49 பேரும் எண்ணிக்கைதான்.

இன்னொன்று, கீனோவின் நம்பிக்கையை உடைத்தது காசியனே இல்லை. உலஃப் என்ற கிழவருக்குப் பக்கவாதம் வந்து விழுகிறார். தண்டனை முடிய அதிக நாள் இல்லை அவருக்கு. வருகிற மருத்துவரும் ஒரு கைதி. ஊசி போட்டு அமைதியாகப் போக விடுவதைத் தவிர அவரிடம் ஒன்றும் இல்லை. அங்கே வைத்துத்தான் அவர் வாயிலிருந்து வருகிறது: விடுதலையானவன் என்று ஒரு தளத்திலிருந்து அனுப்பப்பட்ட ஆள், மறுநாள் இரண்டாம் தளத்தில் திரும்ப வந்து நின்றிருக்கிறான். செய்தி பரவாமல் இருக்க அங்கிருந்த நூறு பேரையும் மின்சாரம் பாய்ச்சிக் கொன்றுவிட்டார்கள். யாருமே வெளியே போவதில்லை.

அந்த நேரம் கீனோவாக நடித்த ஆண்டி செர்கிஸின் முகத்தைப் பாருங்கள். அவருக்குப் பெரிதாக வசனம் எதுவும் இல்லை. காசியன் பல நாளாகக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு கேள்வி: ஒரு தளத்துக்கு எத்தனை காவலர்கள்? கீனோ ஒவ்வொரு முறையும் அதட்டி அனுப்பியிருக்கிறான். உலஃப் போனபின் நடைபாதையில் நடந்து போகும்போது அதே கேள்வி வருகிறது. “பன்னிரண்டுக்கு மேல் எப்போதும் கிடையாது” என்கிறான். அந்தப் பதிலோடு அத்தியாயம் முடிகிறது. அவன் நம்பியது கீஃபை இல்லை. எண்ணி வைத்திருந்த நாட்களை அதுவரை நம்பினான், அந்த நிமிடத்தோடு விட்டுவிட்டான்.

பதுளைக்காரன்:
கீனோவைப் பாவப்பட்டவன் என்று இரண்டு பேரும் எடுத்துக்கொண்டு பேசுகிறீர்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை.

எங்கள் ஆட்களின் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக் கதை தெரிந்தவர்களுக்கு கீனோ யார் என்று உடனே புரியும். அவன் கங்காணி. தொழிலாளிகளில் ஒருவன், தொழிலாளிகளை விரட்டுவது அவன் வேலை, எத்தனை பேரை மலைக்கு ஏற்றினான் என்று பார்த்துத் தலைக்காசு. கடன் தீர்ந்தால் போகலாம் என்று எழுதிய ‘துண்டு’ என்ற சீட்டு வேறு இருந்தது அந்தக் காலத்தில், 1921-ல்தான் அதை ஒழித்தார்கள். கடன் தீர்ந்து போனவர்கள் எத்தனை பேர்? அது போலத்தான் இந்த 249 நாளும். கங்காணியும் ஏமாந்தவன்தான், மறுக்கவில்லை. ஆனால் அவன் ஏமாந்துகொண்டிருந்த காலம் முழுக்க அவனுக்குக் கீழே இருந்தவர்களுக்குத்தான் அடி விழுந்தது.

உலஃபின் கை நடுங்குவதை கீனோ பார்க்கவில்லையா? பார்த்தான். மேசையை மெதுவாக்காதே என்றுதான் சொன்னான். அதனால் காசியன் அவனுக்கு உண்மை சொல்லக் கடன்பட்டிருக்கிறானா என்று கேட்டால், என் பதில் இல்லை. முந்தின வாரம் வரை காவலர்களுக்காகக் கத்திக்கொண்டிருந்த ஒருவனிடம் “ஆல்தானிக் கொள்ளையில் நானும் இருந்தேன்” என்று எந்த மடையன் சொல்வான்?

ராப்பாடி:
பதுளைக்காரர் அண்ணா சொல்வதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். முதல் நாள் சொல்லியிருக்க முடியாது. காட்டிக்கொடுத்திருப்பான், சரி. ஆனால் கடைசி இரவு? “அவர்களுக்கு வேண்டியதைக் கொடுத்துச் சாவதைவிட, அவர்களை வீழ்த்தப் போராடிச் சாகிறேன்” என்று காசியன் அவனிடம் சொல்கிறானே, அந்த இரவு? மறுநாள் புதுக் கைதியை இறக்க லிஃப்ட் வரும், அதுதான் தருணம், இருவருமே செத்துப்போகலாம். அப்போது மறைக்க என்ன இருக்கிறது?

யாழினி, பெயர் என்ன பெரிய பெயர் என்கிறீர்கள். உடைப்பின்போது சிறை முழுவதற்கும் பேச கீனோ மைக்கைப் பிடித்ததும் முதலில் சொல்வது தன் பெயரைத்தான்.

நடுநிசி:
நான் வேறு இடத்தில் மாறுபடுகிறேன். உடைப்பு வரை அருமை. காசியன் கழிவறைக் குழாயை நாள்கணக்காக அறுத்து வைத்திருப்பது, தண்ணீர் தரையில் பரவி அந்த மின்சாரமே பழுதாவது, கையில் கிடைத்த உதிரிப் பாகங்களை மேலே இருக்கும் காவலர்கள் மேல் வீசுவது எல்லாம் கணக்குப் பிசகாமல் எழுதியிருக்கிறார்கள். ஆனால் எல்லோரும் தண்ணீரில் குதித்துத் தப்பிக்கும் விளிம்பில் கீனோ வந்து நின்று “எனக்கு நீச்சல் தெரியாது” என்பது வலிந்து வைத்த சோகம். அத்தனை நேரம் அதைச் சொல்லாமல் இருந்தது யாருக்காக? நமக்காக, அதாவது பார்ப்பவர்களை அழவைப்பதற்காக. நீங்கள் நேர்மை பற்றிப் பேசுகிறீர்கள். என்னைக் கேட்டால் அங்கே நேர்மை தவறியது எழுத்தாளர்கள்தான்.

யாழினி:
நடுநிசி, அந்த வரியை நீங்கள் திருப்பமாகப் பார்க்கிறீர்கள், அதனால்தான் வலிந்ததாகத் தெரிகிறது. அங்கே அடைக்கப்பட்ட ஒவ்வொருவரும் தண்ணீருக்கு மேலே பறந்து வந்துதான் உள்ளே இறங்கினார்கள். வெளியே என்ன இருக்கிறது என்பது கீனோவுக்கு முதல் நாளிலிருந்து தெரியும். அதனால் “பன்னிரண்டுக்கு மேல் கிடையாது” என்று சொன்னபோதே தான் கரை சேர மாட்டேன் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. மைக்கில் பேசியபோதும் தெரியும்.

அந்த மைக் காட்சியை மெதுவாகப் பாருங்கள். கட்டுப்பாட்டு அறையைப் பிடித்தாயிற்று, சிறை முழுவதற்கும் மின்சாரம் அடங்கிவிட்டது. காசியன் நினைத்தால் தானே பேசியிருக்கலாம், பேசவில்லை. நீதான் தினமும் அவர்களிடம் பேசுகிறவன் என்று கீனோவை முன்னால் தள்ளுகிறான். கீனோ முதலில் பேசுவது ஒரு அறிவிப்பு மாதிரிதான் இருக்கிறது, உயிரே இல்லை. இவ்வளவுதானா என்று காசியன் பார்க்கிறான். அப்புறம்தான் அந்தக் குரல் திறக்கிறது. கூடத்தில் வேலை வாங்க இத்தனை காலம் கத்திய அதே குரல். எத்தனை பேர் வெளியேறுவோம், எவ்வளவு தூரம் போவோம் என்பதெல்லாம் இனி நம் கையில்தான் என்கிறான். குழம்பித் தொலைந்து நிற்கிறவன் யாரையாவது கண்டால் அவனையும் நகர்த்திக் கூட்டிக்கொண்டு போங்கள் என்கிறான். முந்தின இரவு காசியன் தன்னிடம் சொன்ன வாக்கியத்தையே எடுத்து, தன்னுடையதாக்கி, எல்லோருக்கும் கொடுக்கிறான். வெளியேற ஒரே வழிதான் என்று அவன் சொல்ல, ஆயிரக்கணக்கானவர்கள் அதையே முழங்கிக்கொண்டு ஓடுகிறார்கள். அந்த வழியில் தனக்கு இடம் இல்லை என்று தெரிந்தே சொல்கிறான்.

ராப்பாடி, இப்போது சொல்லுங்கள். யார் யாரிடம் மறைத்தார்கள்? காசியன் பெயரை மறைத்தான் என்றால் கீனோ இதை மறைத்தான். முன்னாலேயே சொல்லியிருந்தால் காசியன் தயங்கியிருப்பான்.

பதுளைக்காரன்:
இந்த இடத்தில் தங்கச்சி சொல்வதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. செர்கிஸ் பேட்டிகளில் சொன்னதையும் சேர்த்துக்கொள்ளலாம்: தொழிலாளர்களுக்காகப் பேசிய ஒரு ஆள், அதனாலேயே உள்ளே வந்தவன் என்று கீனோவுக்கு ஒரு பின்கதையை அவர் மனதில் வைத்துக்கொண்டுதான் நடித்தாராம். தொடரில் அது எங்கும் வரவில்லை. ஆனால் மைக்கில் கேட்கும் குரல் எங்கிருந்து வந்தது என்பதற்கு எனக்கு அது பொருந்துகிறது.

ராப்பாடி:
நீங்கள் சொன்ன சமன்பாடு சரியாக வரவில்லை, யாழினி. கீனோ மறைத்தது தன் சாவை. அதனால் நஷ்டம் அவனுக்கு மட்டும். காசியன் மறைத்தது கீனோவின் வாழ்க்கையோடு சம்பந்தப்பட்ட ஒரு உண்மையை. இரண்டுக்கும் எடை வேறு.

அப்புறம் இதையும் பாருங்கள். முதல் சீசனின் கடைசி அத்தியாயத்தில் காசியன், தன்னை ஆல்தானிக் கொள்ளைக்கு அமர்த்திய கிளர்ச்சிக்காரன் லூத்தனின் கப்பலில் போய் உட்கார்ந்து, என்னைக் கொல், இல்லையென்றால் உன்னோடு சேர்த்துக்கொள் என்கிறான். தன்னைக் கொல்லத் தேடி வந்த லூத்தனிடம் உயிரையே நீட்டுகிறான். தோளோடு தோள் நின்ற கீனோவுக்கு ஒரு பெயர்கூட இல்லை. இதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

நடுநிசி:
அதற்கு ஆல்தானிக் கொள்ளைக் கூட்டத்தில் இருந்த ஸ்கீனை நினைத்துப் பாருங்கள். தம்பி செத்த கதையைச் சொல்லி எல்லோரையும் நம்பவைத்தவன். பணம் கைக்கு வந்ததும், எனக்குத் தம்பியே கிடையாது, வா இருவரும் பிரித்துக்கொண்டு ஓடிவிடலாம் என்று காசியனை அழைத்தான். காசியன் அந்த இடத்திலேயே சுட்டான். உருக்கமான சொந்தக் கதை என்ன செய்யும் என்று அதிலேயே அவன் பார்த்துவிட்டான். நார்கினாவில் அவன் யாரிடமும் தன் கதையைச் சொல்லாததற்கு எனக்கு இது போதும். நீச்சல் விஷயத்தில் மட்டும் நான் இன்னும் சமாதானமாகவில்லை.

யாழினி:
லூத்தன் விஷயத்தில் ராப்பாடி சரியான இடத்தைத்தான் தொட்டிருக்கிறார், ஆனால் வரிசையை மறந்துவிட்டார். ஆல்தானி முடிந்ததும் பங்கை வாங்கிக்கொண்டு ஓடிய காசியன் லூத்தனிடம் போய் உட்கார்ந்திருக்க மாட்டான். நடுவில் நார்கினா நடந்திருக்கிறது. தப்பித்து நியாமோஸுக்குத் திரும்பியதும், காசியனோடு தப்பிய சக கைதி மெல்ஷி சொல்வது நினைவிருக்கிறதா? உள்ளே நடப்பதை வெளியே தெரியப்படுத்த வேண்டும், அதனால் பிரிந்து போவோம், ஒருவராவது பிழைக்கட்டும் என்கிறான். மெல்ஷியும் கீஃபைத்தான் அறிந்திருந்தான். அதே மெல்ஷி, கதையில் இதற்குப் பிறகு நடக்கும் ‘ரோக் ஒன்’ என்ற ஸ்டார் வார்ஸ் படத்தில் காசியனோடு சேர்ந்து சண்டையிட வருகிறான். பொய்ப் பெயரில் தொடங்கியது என்பதற்காக அந்த நம்பிக்கை கெட்டுப்போகவில்லை.

ராப்பாடி:
மெல்ஷிக்குத் தெரிந்துகொள்ள நேரம் கிடைத்தது. கீனோவுக்குக் கிடைக்கவில்லை. அவன் பிழைத்தானா செத்தானா என்பதைத் தொடரும் சொல்லவில்லை, 2025-ல் வந்த இரண்டாம் சீசனிலும் அவன் இல்லை.

உங்கள் மூன்று பேருக்கும் ஒரே கேள்வி. கடைசி இரவில் காசியன் எல்லாவற்றையும் சொல்லியிருந்தால் கீனோ என்ன செய்திருப்பான்?

பதுளைக்காரன்:
அடித்திருப்பான். நன்றாக அடித்திருப்பான். விடிந்ததும் கூடத்துக்கு வந்து, திட்டம் போட்டபடி எல்லோரையும் மேசையில் ஏறச் சொல்லியிருப்பான்.

ராப்பாடி:
நானும் அதையேதான் நினைக்கிறேன், அண்ணா. அதனால்தான் சொல்லியிருக்க வேண்டும் என்கிறேன்.