புதுப்பிப்பு: அச்சகத்து ரெண்டு கம்ப்யூட்டரும் என்ன ஆச்சு?

சிம்மக்கல் அச்சகத்துல இருக்கிற ரெண்டு பழைய மெஷினையும் விண்டோஸ் 11-க்கு மாத்தலாமா, அப்படியே ஓட்டலாமான்னு போன மாசம் கேட்டிருந்தேனே, முடிவு பண்ணியாச்சு.

பில் போடுற மெஷின்ல இருக்கிறது இன்டெல்லோட ஆறாம் தலைமுறை ஐ5 சிப், ஓடுனது விண்டோஸ் 10. பதினொண்ணுக்கு எட்டாம் தலைமுறையாவது வேணும், டிபிஎம் 2.0-ங்கிற பாதுகாப்புச் சிப்பும் வேணும். குறுக்கு வழியில ஏத்தலாம்னு சிலர் சொன்னீங்க. பேங்க் வேலையெல்லாம் அதுலதான், எனக்குத் துணிச்சல் வரல. 10-க்கு ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சுபோச்சு. வேகமான எஸ்எஸ்டி டிஸ்க் மாட்டி, விண்டோஸுக்குப் பதிலா இலவச லினக்ஸ் மின்ட் போட்டுட்டேன். பிரிண்டர்தான் ஒருநாள் பூரா உயிரை வாங்கிருச்சு.

இன்னொண்ணு விண்டோஸ் 7. பேஜ்மேக்கர்ங்கிற பழைய பக்க வடிவமைப்பு சாஃப்ட்வேர்ல, பாமினிங்கிற பழைய தமிழ் ஃபான்ட்ல அடிச்ச பதினஞ்சு வருஷக் கல்யாணப் பத்திரிகை அத்தனையும் அதுக்குள்ள. "முகூர்த்த மாசத்துல ஓடுற வண்டியக் கழட்டாதடா"ன்னுட்டாரு அண்ணன். பாதுகாப்புக்காக நெட் வயரை மட்டும் உருவிட்டேன்.