ஒருக்களிச்சுப் போட்டா கக்கினாலும் பயமில்லையாம்!

இரவுப்பணி: பக்கத்துத் திரியில் ஒரு மேதை எழுதியிருக்கிறார்: "பால் குடிச்ச குழந்தையை ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு, முதுகுக்குத் துண்டைச் சுருட்டி முட்டுக் கொடுங்க, கக்கினது மூச்சுக்குழாய்க்குப் போகாது." கீழே வரிசையாகக் கைதட்டல் வேறு. தூக்கத்தில் சிசுக்கள் திடீரென இறப்பதைத் தடுக்கச் சொன்ன யோசனையில், அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 1992-ல் மல்லாக்கப் போடுவதோடு ஒருக்களிப்பையும் அனுமதித்தது, உண்மைதான். 2005-ல் அதையும் வேண்டாம் என்றது. பகல் தூக்கமோ இரவுத் தூக்கமோ, ஒரு வயது வரை மல்லாக்கத்தான்.

கோடைமழை: வந்துட்டார் வாத்தியார். அந்த மேதை நான்தான். முதலுதவியில் மயங்கி விழுந்தவரை எப்படிப் போடச் சொல்றாங்க? ஒருக்களிச்சு! வாந்தி வெளியே வழியணும்னு. குழந்தைக்கு மட்டும் வேற நியாயமா?

இரவுப்பணி: மயங்கினவருக்கு இருமலும் விழுங்கலும் ஒழுங்காக வேலை செய்யாது. தூங்கும் குழந்தைக்குச் செய்யும். மல்லாக்கப் படுத்தால் மூச்சுக்குழாய் மேலே, உணவுக்குழாய் கீழே. கக்கினது மூச்சுக்குழாய்க்குப் போக மேல்நோக்கி ஏறணும். குப்புறப் போட்டால் நேர்மாறு, வந்தது மூச்சுக்குழாய் வாசலில்தான் தேங்கும். ஒருக்களிப்போ நிலைக்காது. கீழ்க்கை கொஞ்சம் நழுவினால் உடம்பு குப்புறச் சாயும். குப்புறப் படுத்துப் பழகாத குழந்தை அப்படிச் சாய்வதுதான் ரொம்ப ஆபத்து. உங்கள் துண்டு முட்டு அவிழ்ந்தால் முகத்துக்கு வரும், அது தனிக் கதை.

பஞ்சுமூட்டை: மெத்தையிலிருந்து வரும் விஷ வாயுதான் தூங்கும் சிசுக்களைக் கொல்லுதாமே, அதைப் பற்றி ஏன் யாருமே வாய் திறக்கலை?

இரவுப்பணி: 1998-லேயே பிரிட்டன் நிபுணர் குழு ஆராய்ந்து, ஆதாரமில்லை என்று கையைக் கழுவிவிட்டது. மெத்தையில் பார்க்க வேண்டியது வேற: அழுத்தினால் குழியாமல் கெட்டியாக இருக்கணும், கட்டில் விளிம்புக்கும் அதற்கும் இடையே இரண்டு விரல் நுழையக் கூடாது. தலையணை, போர்வை, பொம்மை, விளிம்புத் திண்டு எதுவும் வேண்டாம்.

கோடைமழை: பேச்சை மாத்தாதீங்க. தீவிர சிகிச்சைப் பிரிவில் குறைமாதக் குழந்தையைக் குப்புறப் போடுறாங்களே, அவங்களுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியுமோ?

இரவுப்பணி: அங்கே இதயத்துடிப்பும் ஆக்சிஜனும் நொடிக்கு நொடி திரையில் ஓடுது. அவர்களும் கருவயது 32 வாரம் ஆனதும், உடல்நிலை சீராக இருந்தால், மல்லாக்கப் பழக்கணும். வீட்டுக்குப் போனபிறகு குப்புறப் போடவா பயிற்சி?

நிலாமுற்றம்: எந்நேரமும் மல்லாக்கவே போட்டு, பின்மண்டை சப்பையாகட்டும். அருமை!

இரவுப்பணி: எந்நேரமும் என்று யார் சொன்னது? விழித்திருக்கும்போது, கண்ணெதிரே, குப்புறப் போடுங்கள். முதலில் மூணு நிமிஷம், அஞ்சு நிமிஷம், நாளுக்கு இரண்டு மூணு தடவை. அப்புறம் கூட்டிக்கொண்டே போங்கள்.

கோடைமழை: கக்குற குழந்தைக்குத் தலைமாட்டையாவது உயர்த்தலாமா, அதுக்கும் தடையா?

இரவுப்பணி: தடைதான். கால்மாட்டுக்குச் சறுக்கும், தாடை மார்பில் இடிச்சு மூச்சுப்பாதை மடங்கும். 10 டிகிரிக்கு மேல் சாய்ந்த சிசுத் தூக்கப் படுக்கைகளை அமெரிக்காவில் 2022-ல் சட்டம் போட்டே தடை செய்தார்கள்.

கோடைமழை: குழந்தை தானா உருண்டு ஒருக்களிச்சா? ராத்திரி பூரா திருப்பிட்டே உக்காந்திருப்பீங்களோ?

இரவுப்பணி: மல்லாக்க இருந்து குப்புறவும், குப்புற இருந்து மல்லாக்கவும் தானாக உருளத் தெரிந்த குழந்தையை விட்டுவிடலாம். படுக்க வைக்கும்போது மட்டும் மல்லாக்க. உருள எத்தனிக்கும்போதே துணியில் சுற்றிக் கட்டுவதை நிறுத்தணும், கை கட்டுண்டால் திரும்பிவர முடியாது.

வெண்கலமணி: இத்தனை நேரமா முதுகா பக்கவாட்டான்னே அடிச்சுக்கிறீங்க. வீட்டில் புகைப்பது, சோபாவில் குழந்தையோடு கண்ணயர்வது, அளவுக்கு மீறி உடுத்திச் சூடேற்றுவது பற்றி ஒரு வரியும் காணோமே?

கோடைமழை: அதெல்லாம் அப்புறம். கக்கினா என்ன பண்றதுன்னு இவர் இன்னும் சொல்லவே இல்லை.

இரவுப்பணி: சொல்லியாச்சு, மேலேறிப் படியுங்க. போன மாசம் ரப்பர் சூப்பானைக் கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டச் சொன்ன ஆள்தானே நீங்க?

கோடைமழை: சூப்பான் நல்லதுன்னு நீங்களும்தான் எழுதினீங்க!

இரவுப்பணி: தூங்க வைக்கும்போது வாயில் வைக்கச் சொன்னேன். தாய்ப்பால் நன்றாகப் பழகியபிறகு, கயிறு இல்லாமல். தூக்கத்தில் விழுந்தால் திரும்பத் திணிக்க வேண்டாம் என்றும் எழுதினேன். பாதியைப் படித்துவிட்டு...

கோடைமழை: பாதி படிச்சது யாருன்னு அந்தத் திரியிலேயே பார்த்துக்கலாம், அங்கே வாங்க.