மறு: அலுமினியத் தகட்டின் ‘டெம்பர்’ – தமிழில் என்ன சொல்வது?

அன்புடையீர்,

ஒரு தகடு எவ்வளவு இறுகிய நிலையில் இருக்கிறது என்பதைக் குறிக்கும் ‘டெம்பர்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு இந்த இழையில் இதுவரை கடினநிலை, வன்மைத்தரம், பதம் ஆகிய மூன்று சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. பழைய வண்டிகளின் உடற்பகுதிகளைக் கையால் அடித்து உருவாக்கும் கொழும்புக் கராஜ் ஒன்றின் தமிழ்ப் பயிலுநர்களுக்காக நான் ஒரு கைநூல் எழுதிவருகிறேன். தகட்டைத் தேர்ந்தெடுப்பது பற்றிய அத்தியாயம் இந்த ஒரு சொல்லுக்காகவே இரண்டு மாதமாக முடியாமல் கிடக்கிறது. நான் ‘பதம்’ என்பதன் பக்கம் நிற்கிறேன். ஆயினும் அதனோடு சேர்ந்து வரும் ‘பதப்படுத்து’ என்ற வினைச்சொல்லை ஏற்க எனக்கு மனமில்லை.

முதலில் சொல்லின் தேவையைச் சொல்லிவிடுகிறேன். பழைய சோனகத் தெருவில் தகடு வாங்கச் சென்றால் கடைக்காரர் கேட்பது ‘எத்தனை கேஜ்?’ (தடிப்பைக் குறிக்கும் எண்) என்ற ஒரே கேள்விதான். அந்தக் கேள்வியே முழுமையானதன்று. பிரித்தானிய அளவில் 16 கேஜ் என்பது 1.63 மில்லிமீற்றர், அமெரிக்கர் அலுமினியத்துக்குக் கையாளும் அளவில் அதே 16 கேஜ் 1.29 மில்லிமீற்றர். ஆகவே கைநூலில் தடிப்பை மில்லிமீற்றரிலேயே தந்திருக்கிறேன். (தமிழக நண்பர்கள் பரிந்துரைத்த ‘தடிமன்’ என்ற சொல்லை இங்கே பயன்படுத்த முடியாது. எங்கள் பயிலுநருக்குத் தடிமன் என்றால் மூக்கடைப்பும் தும்மலும்தான்.)

தடிப்புக்கு அப்பால், தகட்டின் குறியீட்டில் இரண்டு செய்திகள் உள்ளன. 3003-எச்14 என்பதில் 3003 என்ற எண் கலப்புலோகத்தைக் குறிக்கிறது. அதில் மங்கனீசு 1 முதல் 1.5 சதவீதம் வரை இருக்கும். கைவேலைக்குப் பெரும்பாலும் இதையே தேர்கிறார்கள். ஏனெனில், ஏறத்தாழத் தூய அலுமினியமான 1100 சுத்தியலுக்கு மிக எளிதில் இணங்கினாலும், செய்து முடித்த மட்காட்டில் ஒருவர் கையூன்றிச் சாய்ந்தாலே குழி விழுந்துவிடும். மக்னீசியம் கலந்த 5052 வலிமையானது, ஆனால் அடிக்க அடிக்க விரைவில் இறுகுவதோடு காஸ் வெல்டிங்குக்கும் எளிதில் இடங்கொடாது. குறியீட்டின் பின்பாதியான எச்14 என்பதே நமது சிக்கல். அதே 3003 தகடு எவ்வளவு இறுகிய நிலையில் ஆலையிலிருந்து வெளிவந்தது என்பதை அது சொல்கிறது.

‘கடினநிலை’ என்பதை நான் ஏற்காததற்குக் காரணம், அது பயிலுநரைத் தவறான தகட்டை எடுக்க வைத்துவிடும் என்பதே. முற்றிலும் மென்மையான ‘ஓ’ நிலையிலுள்ள 5052இன் இழுவை வலிமை (இழுத்தால் அறாமல் தாங்கும் வலு) ஏறத்தாழ 195 மெகாபஸ்கால். அரைவாசி இறுகிய 3003-எச்14இன் வலிமையோ ஏறத்தாழ 150தான். கடினநிலை என்று பெயரிட்டால், மென்நிலைத் தகடு அரைக்கடினத் தகட்டைவிடக் கடினமானது என்று எழுதவேண்டி வரும். ‘டெம்பர்’ கடினத்தின் அளவைக் குறிப்பதன்று. ஒரு குறிப்பிட்ட கலப்புலோகம் தனக்குரிய மென்மைக்கும் தனக்குரிய இறுக்கத்துக்கும் இடையே எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதைக் குறிப்பது. பாகு கம்பிப் பதத்தில் நிற்கிறது என்று நாம் சொல்வதும் இந்தப் பொருளில்தான். அடுப்படியில் ஐயமின்றிப் புழங்கும் ஒரு சொல் பட்டறைக்கு ஆகாது என்பதற்குக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

‘பதப்படுத்தல் என்பது உருக்கைச் சூடேற்றிக் குளிர்விப்பதற்கு ஏற்கெனவே வழங்குகிறதே’ என்ற மறுப்பு நியாயமானது. எச் வரிசைப் பதம் நெருப்பால் வருவதன்று. குளிர்ந்த நிலையில் உருளைகளுக்கிடையே நசுக்குவதால் வருவது. எனவே பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு வினையை விட்டுவிடுவோம். பட்டறையில் எவரும் ‘தகடு கடினமாகிவிட்டது’ என்று சொல்லி நான் கேட்டதில்லை. ‘தகடு இறுகிப்போச்சு’ என்பார்கள். அந்த ‘இறுகு’ என்பதையே பதத்தோடு சேர்த்தால் ‘இறுகுபதம்’ கிடைக்கிறது.

இதற்குப் பின்னர்தான் தமிழ் நமக்குச் செய்து வைத்திருக்கும் வசதி எனக்குப் புலப்பட்டது. எச் வரிசையில் 12, 14, 16, 18 ஆகியவை முறையே கால், அரை, முக்கால், முழு இறுக்கத்தைக் குறிக்கின்றன. இந்தப் பின்னங்களுக்கெல்லாம் நம்மிடம் தனிச்சொற்கள் இருப்பதால் காலிறுகுபதம், அரையிறுகுபதம், முக்காலிறுகுபதம், முழுவிறுகுபதம் என்று தடையின்றி எழுதலாம். சுவரில் ஒட்டிய இந்த நான்கு சொற்களையும் ஒரு பயிலுநர் ஒருமுறை வாசித்துவிட்டு, ‘அரையில் தொடங்கினால் அடிக்கிறபோது முழுவுக்குப் போய்விடும், அப்போதுதானே வெடிக்கும்?’ என்று கேட்டார். நான் ஒரு பக்கம் எழுதி விளக்கியிருந்தது அதைத்தான்.

அவ்வாறு இறுகிய தகட்டை மீண்டும் மென்மையாக்கும் செயலுக்கு ‘இளக்கல்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். இதனை நான் வன்மையாக எதிர்க்கிறேன். சென்ற ஆண்டு ஒரு லாண்ட் ரோவரின் முன்மட்காட்டுக்குத் தகடு அடித்துக்கொண்டிருந்தபோது, புதிதாக வந்த பையனிடம் ‘இந்த மூலையைக் கொஞ்சம் இளக்கு’ என்று சொன்னவன் நானே. அலுமினியம் இரும்பைப்போலச் சிவந்து எச்சரிப்பதில்லை. 660 பாகை செல்சியசில் நிறம் மாறாமலே உருகிவிடும். வெண்ணெய் இளகுவதைப் பார்த்து வளர்ந்த பையன் தகட்டையும் அவ்வாறே இளக்கினான். உள்ளங்கையளவு ஓட்டை விழுந்தது. மூன்று நாள் வேலை வீணாயிற்று. பிழை பையனுடையதன்று, சொல்லினுடையது.

செய்ய வேண்டியிருந்தது இதுதான். தகட்டில் சன்லைட் சவர்க்காரத்தைத் தேய்த்து, அது கடும் பழுப்பாகிக் கறுக்கும் வரை சுடரை ஓரிடத்தில் நிறுத்தாமல் அசைத்துச் சூடேற்ற வேண்டும். அல்லது அசெற்றிலீன் மட்டும் எரியும் சுடரால் கரி படியவைத்து, பின்னர் ஒட்சிசனைத் திறந்து அந்தக் கரி மறையும் வரை காட்ட வேண்டும். தேவையான வெப்பநிலை, கலப்புலோகத்தைப் பொறுத்து, 345 முதல் 415 பாகை வரைதான். உருகுநிலைக்கு இது வெகு கீழே. ஆகவே உருகுவதை நினைவூட்டாத ஒரு சொல் வேண்டும். ‘தளர்த்தல்’ என்றால் கராஜில் நட்டைத் தளர்த்தப் போய்விடுவார்கள். ‘நெகிழ்த்தல்’ என்பதை முன்வைக்கிறேன்: செயல் ‘சுட்டு நெகிழ்த்தல்’, அதனால் பெறும் ‘ஓ’ நிலை ‘நெகிழ்பதம்’.

தகடு என்பதற்கு மாற்றாகச் சிலர் எழுதிய ‘உலோகத்தாள்’ வேண்டாம். தகட்டு வேலை செய்யும் சிங்கள மேஸ்திரியான டிங்கர் பாஸும் ‘தஹடுவ’ என்றே சொல்கிறார். இரு மொழியினரும் ஒரே மேசையில் வேலை செய்யும் இடத்தில் அந்த ஒற்றுமையைக் கலைப்பது வீண்வேலை.

எஞ்சியிருப்பது ‘டீ’ வரிசை. 6061-டீ6 போன்றவற்றின் இறுக்கம், உயர்வெப்பத்தில் ஊறவைத்துச் சடுதியாகக் குளிர்வித்து, பிறகு மிதமான சூட்டில் பல மணி நேரம் வைத்திருப்பதால் உண்டாவது. கூர்மையாக வளைத்தால் அந்தத் தகடு வெடிக்கும். சுட்டு நெகிழ்த்தினாலோ, சுத்தியலால் எவ்வளவு அடித்தாலும் பழைய வலிமை மீளாது. இதற்கு ‘வெந்திறுகுபதம்’ என்று குறித்து வைத்திருக்கிறேன், ஆனால் வாசிக்கும்போது சோறு நினைவுக்கு வருகிறது. செங்கல் சூளையிலோ பித்தளைப் பட்டறையிலோ, ‘சூட்டில் நெடுநேரம் வைத்து முற்றவிடுதல்’ என்ற பொருளில் வழங்கும் சொல்லை எவரேனும் கேட்டிருந்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள். அந்த ஒரு பக்கத்தை மட்டும் அச்சுக்குக் கொடுக்காமல் வைத்திருக்கிறேன்.