ப்ளீன் பழங்காட்டில் மரம் வெட்டுவது ஏன்? அங்கே எப்படி நடந்தால் உயிரினங்களைக் காணலாம்?

காலைநடை:
வணக்கம். இங்கிலாந்தின் கென்ட் பகுதியில், கேன்டர்பரிக்கு அருகிலுள்ள ப்ளீன் காட்டில் ஏப்ரல் கடைசியில் ஒரு முற்பகல் முழுவதும் நடந்தேன். பழங்காடு என்று கேள்விப்பட்டு வானளாவிய கிழமரங்களை எதிர்பார்த்துப் போன எனக்குக் கிடைத்தவை, கைத்தடிப் பருமனில் கொத்துக்கொத்தாக நின்ற மெல்லிய தண்டுகளும், அண்மையில் வெட்டி வெறுமையாக்கிய திட்டுகளும், அப்புறப்படுத்தாமல் விட்டிருந்த உளுத்த மரங்களும்தான். ஒரு மரங்கொத்தி தட்டிய ஓசையைத் தவிர விலங்கு, பறவை என்று சொல்ல எதுவும் எதிர்ப்படவில்லை. பாதுகாக்கப்பட்ட காட்டில் மரம் வெட்டுவது முறைதானா, எதைக் கொண்டு இதைப் பழங்காடு என்கிறார்கள், அடுத்த முறை எதைக் கவனித்து நடக்கவேண்டும் என்று அறிந்தவர்கள் விளக்கினால் நன்றி உடையவனாவேன்.

தழைகட்டை:
பழமை மரத்துக்கு உரியது அல்ல, நிலத்துக்கு உரியது. இங்கிலாந்தில் 1600ஆம் ஆண்டு முதல் இடையறாது காடாகவே இருந்துவரும் நிலத்தைத்தான் பழங்காடு என்று வகைப்படுத்துகிறார்கள். அதன் மேல் நிற்கும் தண்டு பத்தே ஆண்டு வயதுடையதாகவும் இருக்கலாம். நீங்கள் கண்ட கொத்துத் தண்டுகள் செஸ்ட்நட் மரத்தின் மறுதாம்பு. கரும்பை வெட்டிய பின் கட்டையிலிருந்து மீண்டும் தழைப்பதைப் போலவே இம்மரமும் தழைக்கும். வேர்க்கட்டை சாகாமல், வெட்ட வெட்டத் தண்டுகளைத் தந்துகொண்டே இருக்கும்.

வெறுமையாகத் தெரிந்த அந்தத் திட்டில்தான் காட்டின் அரிய உயிர் ஒன்று வாழ்கிறது. ஹீத் ஃப்ரிட்டிலரி என்னும் செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள் இங்கே கௌ-வீட் என்ற சிறு செடியின் இலையைத் தின்று வளர்கின்றன. வெயில் தரையைத் தொட்டால்தான் அச்செடி பெருகும். சில ஆண்டுகளில் தண்டுகள் வளர்ந்து நிழல் மூடியதும் பூச்சி அடுத்த வெட்டுத்திட்டுக்கு இடம் பெயர்ந்தாக வேண்டும். மரவெட்டிகளின் பின்னாலேயே போவது என்று பொருள்படும் பட்டப்பெயர் அதற்கு அங்கே வழங்குவது இதனால்தான். வெட்டுவதை முற்றிலும் நிறுத்தினால் முதலில் மறையக்கூடியது அதுவே. ஜூன் மாதத்தில் வெயில் நன்றாக ஏறிய பிறகு, வெட்டிச் சில ஆண்டுகளே ஆன திட்டின் ஓரத்தில் நின்று பாருங்கள். தரையை ஒட்டித் தாழ்வாகப் பறக்கும்.

நைட்டிங்கேலுக்கு வேண்டியது இன்னும் சற்று முற்றிய, உள்ளே கை நுழையாத அளவு அடர்ந்த புதர். ஆப்பிரிக்காவிலிருந்து ஏப்ரலில் வந்து சேரும் அப்பறவை ஜூன் தொடக்கம் வரை பாடும், பகலிலும் பாடும். நீங்கள் போன காலம் சரியானதே. ஆனால் முற்பகல் என்பது தாமதம். விடியலில் போயிருந்தால் கேட்டிருக்கக்கூடும். கண்ணால் காண்பது அரிது, அது வேறு விஷயம்.

ஓரவரப்பு:
பழமையின் அடையாளத்தைக் காட்டின் நடுவே தேடுவதைவிட எல்லையில் தேடுவது எளிது. இத்தகைய காடுகளின் ஓரத்தில் பெரும்பாலும் ஒரு மண்கரையும் அதற்கு வெளிப்புறம் ஒரு பள்ளமும் ஓடும். மேயும் கால்நடைகள் உள்ளே புகுந்து இளந்தளிர்களைக் கடிக்காதிருக்க இடைக்காலத்தில் எழுப்பியவை அவை. வசந்தத்தில் புளூபெல், வுட் அனிமோனி ஆகிய காட்டுப்பூச்செடிகள் தரையை மூடியிருப்பதும் நல்ல சான்று. புளூபெல் விதையிலிருந்து பூப்பதற்கே ஆண்டுகள் பல பிடிக்கும். இலைகள் மிதிபட்டு நசுங்கினால் கிழங்குக்கு உணவு சேராது. ஆகவே படம் எடுப்பதற்காகக்கூடப் பாதையை விட்டு இறங்காதீர்கள் என்பது என் வேண்டுகோள்.

விலங்கைக் காணாவிட்டாலும் அது தின்று போட்டதைக் காணலாம். இலையுதிர் காலத்தில் ஹேசல் மரத்தடியில் கிடக்கும் கொட்டை ஓடுகளைக் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். இரண்டாகப் பிளந்திருந்தால் அணில். வட்டத் துளையின் உள்விளிம்பு வழவழப்பாகவும், துளையைச் சுற்றி ஓட்டின் வெளிப்புறத்தில் சாய்வான பற்கோடுகளும் இருந்தால் டார்மவுஸ் என்னும் சிறு கொறிவிலங்கு. உள்விளிம்பில் குறுக்குக் கோடுகள் வரிசையாகத் தெரிந்தால் காட்டெலி. இரவில் மட்டும் கிளைகளில் திரிந்து, குளிர்காலம் முழுவதும் தரையில் சருகுக்கடியில் சுருண்டு உறங்கும் டார்மவுஸை நடந்து போகிறவர் நேரில் பார்ப்பது மிக அரிது. அது சட்டப் பாதுகாப்பு பெற்ற உயிரினம் என்பதால் கூட்டைக் கலைத்துத் தேடுவதும் கூடாது.

உளுத்தமரம்:
தழைகட்டை அவர்கள் சொன்னது சரி. எனினும் வெட்டும் திட்டுகளுக்கு நிகராக வெட்டாமல் விடும் மூலைகளும் வேண்டும் என்று சேர்த்துச் சொல்வேன். உங்கள் கண்ணுக்குக் குப்பையாகத் தெரிந்த உளுத்த மரம் பூஞ்சைகளுக்கும் வண்டுகளுக்கும் வீடு. தென்கிழக்கு இங்கிலாந்தில் காணப்படும் மான்கொம்பு வண்டின் புழு, மண்ணுக்கடியில் மக்கும் மரத்தைத் தின்றபடி பல ஆண்டுகள் கிடக்கிறது. வண்டாகி வெளியே வந்த பின் வாழ்வதோ ஒரு கோடையின் சில வாரங்களே. இதே காட்டுத்தொடரின் மேற்கு ப்ளீன் பகுதியில் 2022 ஜூலையில் ஐரோப்பியக் காட்டெருமைகளை வேலிக்குள் விட்டதும், அவை பட்டையை உரித்தும் உடம்பைத் தேய்த்தும் சில மரங்களைப் பட்டுப்போகச் செய்து, காட்டைத் திறந்துவிடும் என்பதற்காகத்தான்.

ஒரு எச்சரிக்கை. ஏப்ரல் முதல் உண்ணிகள் மிகுதி. கால்சட்டை நுனியைக் காலுறைக்குள் செருகி நடங்கள். கடித்திருந்தால் நுனி கூரிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் மெல்ல மேலே இழுக்கவேண்டும். அடுத்த சில வாரங்களில் கடிவாயைச் சுற்றி வட்டமான தடிப்பு பரவினால் அது லைம் நோயாக இருக்கலாம். தாமதியாமல் மருத்துவரைப் பாருங்கள்.

காலைநடை:
மூவருக்கும் நன்றி. அன்று பாதையோரத்தில் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்ட பழைய ஹேசல் ஓடு ஒன்று இன்னும் மேசை மேல் இருக்கிறது. இப்போது விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். உள்விளிம்பில் குறுக்குக் கோடுகள் தெளிவாகத் தெரிகின்றன. காட்டெலிதான். ஜூனில் வெட்டுத்திட்டுகளுக்குப் போகிறேன்.